ரிஜிஸ்டரில் 1.79 என்று எழுதியது யார்?

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களின் முதலாளிமார்களுக்கு, வணக்கமுங்க.

பதினோரு வருடம் இந்த ஊரில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையரின் ஆர்டரை முதல் சாம்பிளிலிருந்து ஷிப்மெண்ட் வரை பார்த்துக்கொள்கிற ஆளாக, இருந்தவன் எழுதுகிறேன். மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன். கடைசியாக நான்கு வருடம் இருந்த கம்பெனியைப் பற்றித்தான் இந்த மடல். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்களெல்லாம் "அப்பாடா, நாமில்லை" என்று பாதியிலேயே மூடிவிடுவீர்கள்.

அங்கே காலையில் எம்.டி.யின் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன் அண்ணன் ரிசப்ஷனுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங் என்றால் ஆள் வந்துவிட்டார். இரண்டு ரிங் என்றால் கார்க் கதவை ஓங்கிச் சாத்தியிருக்கிறார். இரண்டு ரிங் வந்த நாளில் சாம்பிள் ரூமில் பாட்டு நின்றுவிடும். கையெழுத்துக்குப் போக வேண்டிய ஃபைல்கள் மேசைக்கு அடியில் போகும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. லேப் டிப் (சாய நிறத்துக்கான சிறு மாதிரி) ஒரு நாள் தள்ளும், சாயம் ஒரு நாள் தள்ளும். ஷிப்மெண்ட் தேதி மட்டும் அங்கேயே நிற்கும்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஆர்டர் லேட்டானவர் எழுந்து நிற்க வேண்டும். அப்படி நின்ற ஒருவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும், மகள் பத்தாவது படிக்கிறாள். அவர் முகத்தில் ஒரு போலோ டிஷர்ட் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தார். காலரை நேராக்கி, கை இரண்டையும் உள்ளே மடக்கி, பேக்கிங் டேபிளில் மடிப்பதுபோல மடித்து எம்.டி. முன்னால் வைத்துவிட்டு மறுபடி நின்றுகொண்டார். எறிந்ததைவிட அந்த மடிப்புதான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இனி உங்களுக்குப் புரிகிற கணக்குக்கு வருகிறேன்.

ஒரு ஐரோப்பிய பையருக்கு 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள, சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் ஆர்டர். ஃபேப்ரிக் செக்கிங்கில் ஒரு பையன், டிப்ளமோ முடித்து வந்து ஐந்து மாதம். வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் நூறு சதுர சென்டிமீட்டர் வில்லை ஒன்று வெட்டுப்பட்டு வரும். அதைத் தராசில் வைத்து, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். உங்களில் பலர் தராசே இல்லாமல் விரலால் தடவிச் சொல்லிவிடுவீர்கள், தெரியும். 1.80 வர வேண்டும். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் அந்த பையர் ஒத்துக்கொள்வார், அதாவது 1.71 வரை. வந்தது 1.64. மூன்று ரோலில் வெட்டிப் பார்த்தான், மூன்றும் அதே லட்சணம். ரிஜிஸ்டரில் 1.79 என்று எழுதினான். 1.80 என்று எழுதினால் சந்தேகம் வருமாம்.

ஏன் எழுதினான்? முந்தின வாரம் துணியின் ஷேட் (நிறம்) மாறியிருக்கிறது என்று கட்டிங்கை நிறுத்தச் சொன்ன குவாலிட்டிக்காரருக்கு "ப்ரொடக்‌ஷனைக் கெடுக்கவே வந்து சேர்ந்தியா" என்று எல்லோர் முன்னாலும் திட்டு, அரை நாள் சம்பளமும் போச்சு. ஷேட் மாறியிருந்தது உண்மைதான். அதை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பையன் என்னிடம் வந்து, "அண்ணா, என்ன பண்ணட்டும்?" என்றான். நான் "வாஷ் பண்ணா ஏறிக்கும், விடு" என்றேன். ஏறாது என்று எனக்குத் தெரியும். இந்த மடலில் நான் யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டியபோது ஒன்பதாயிரம் பீஸ் தைத்து அயர்ன் போட்டாகிவிட்டது. திரும்பத் துணி ஓட்டி, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் ரோல்கள் திரும்பிப் போயிருக்கும், இரண்டு நாள் சண்டை நடந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். பையனை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அடுத்து வந்தவன் என்ன எழுதியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று உங்கள் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். வங்கதேசத்தில் சாவர் என்கிற ஊரில் ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி ஆட்களை வெளியே அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல் கம்பெனிகள் மறுநாள் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் கிடையாது என்றன. 24ஆம் தேதி காலையில் கட்டடம் விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். விரிசலை எல்லோரும்தான் பார்த்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நொய்யலே போதும். சாயக் கழிவை யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் ஆற்றில் விட்டோம். அது ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி நின்றது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. மறைத்தது எங்கே போய்ச் சேரும் என்று வேறு ஊர்க்காரர்களுக்கு வேண்டுமானால் விளக்கலாம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். டைலர் பயப்பட மாட்டார். திட்டினால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு "டைலர் தேவை" என்று போர்டு மாட்டிய அடுத்த கேட்டுக்குள் போய்விடுவார். பயந்து சாவது இரண்டு பேர்தான். ஒன்று, உங்கள் ஹாஸ்டலிலேயே தங்கி, வாங்கிய அட்வான்ஸைக் கழிக்கும் வெளிமாநிலப் பிள்ளைகள். இன்னொன்று, ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற ஸ்டாஃப். எங்களைப் பிடித்து வைத்திருப்பது வேலையை விட்டுப் போகும்போது நீங்கள் தர வேண்டிய ரிலீவிங் லெட்டரும், நீங்கள் ஒருவருக்கொருவர் போனில் கேட்டுக்கொள்ளும் "பையன் எப்படிங்க?"வும்தான்.

பையர் உங்கள் கழுத்தைப் பிடிக்கிறார், நூல் விலை ஏறும்போதும் பீஸ் விலையைக் குறைக்கச் சொல்கிறார். எனக்கும் தெரியும், அந்த மெயில்களைப் படித்ததே நான்தானே. அந்தச் சூட்டை அப்படியே மீட்டிங்கில் இறக்கி வைத்து என்ன மிச்சமானது?

பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தங்கள் லைனில் நடக்கிற தொல்லைகளைக் கவனித்துச் சொல்ல வைத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். அது ஒரு பெண் கொல்லப்பட்ட பிறகு வந்தது. உங்களுக்கு அப்படி ஒரு காரணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். தப்பை முதலில் வந்து சொல்கிறவனுக்கு அன்றைக்குத் திட்டு கிடையாது என்று ஒரு சீசனுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வேண்டாம். போகிறவனுக்கு லெட்டரைக் கொடுத்து அனுப்புங்கள்.

என் லெட்டர் எட்டு மாதமாகக் கையெழுத்துக்கு நிற்கிறது. அது இல்லாமலே வேறு வேலை கிடைத்துவிட்டது. இருந்தாலும் நான்கு வருடத்துக்கான காகிதம் அது, எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மெர்ச்சண்டைசர் ஒருவன்,
திருப்பூர்