ரூய்ஷ் வீட்டுப் பெண்

அன்புள்ள கயல்,

விழித்திரைக்குப் பின்னால் இருக்கிற நுண்குழாய் அடுக்கை ஒரு காலத்தில் ‘ரூய்ஷ் படலம்’ என்றுதான் சொல்வார்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா? எனக்கு அந்தப் பெயர் பூ ஓவியங்கள் வழியாகத்தான் பழக்கம். இரண்டும் ஒரே வீடு, அப்பாவும் மகளும் என்று தெரிந்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

அப்பா ஃபிரடெரிக் ரூய்ஷ், நெதர்லாந்தின் ஹேக் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். நீ இருக்கிற லெய்டனில்தான் படித்து 1664-இல் மருத்துவர் ஆனார். அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர்களுக்கு உடற்கூறியலும், மருத்துவச்சிகளுக்குப் பேறுகாலப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். இறந்த உடலின் ரத்தக் குழாய்களில் நிறம் சேர்த்த மெழுகைச் செலுத்துவது அவருடைய கைவண்ணம். கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் சிவந்து எழுந்து நிற்கும். கண்ணாடிச் சாடியில் வைத்த குழந்தையின் கைக்கு, வெட்டிய இடம் தெரியாமல் லேஸ் சுற்றிவைப்பாராம். இறந்த பிள்ளைக்கும் இவ்வளவு மரியாதை செய்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. 1717-இல் ரஷ்யாவின் ஜார் பீட்டர் அந்தத் தொகுப்பை 30,000 கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்) கொடுத்து வாங்கினார். எண்பதை நெருங்கிய வயதில் ரூய்ஷ் மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்துவிட்டார்!

இசையிலும் இந்தப் பெயர் இருக்கிறது. நள்ளிரவில் ரூய்ஷ் பதப்படுத்திவைத்த பிணங்கள் கூடிப் பாடுவதாக இத்தாலியக் கவிஞர் லெயோபார்தி 1824-இல் எழுதினார். அந்தப் பாட்டுக்கு 1940-41 போர்க்காலத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் பெட்ராசி இசையமைத்தார். ஆண் குரல்களோடு மூன்று பியானோ, பித்தளைக் கருவிகள், தாளம். வயலினே கிடையாது. இரவில் தனியாகக் கேட்காதே.

நான் சொல்ல வந்தது மகள் ரேச்சலைப் பற்றி. பதினைந்து வயதில் ஓவியர் வில்லெம் வான் ஆல்ஸ்டிடம் தொழில் பழகப் போனாள். காட்டுத் தரையை வரையும்போது நிஜப் பாசியை வண்ணத்தில் தோய்த்து ஓவியத் துணியில் ஒற்றியிருக்கிறாள். இலையில் பூச்சி அரித்த ஓட்டை, தண்டில் ஏறும் எறும்பு எதையும் விடமாட்டாள். அப்பாவின் சாடிகளுக்கு நடுவே வளர்ந்த கண் அது. பத்துப் பிள்ளைகள் பெற்றாள். 1708-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் அரசவை ஓவியர் ஆனாள். கல்யாணத்துக்குப் பிறகும் ‘ரேச்சல் ரூய்ஷ்’ என்றே கையெழுத்திட்டாள். 1747-இல் வரைந்த ஒரு படத்தில் கையெழுத்தோடு தன் வயது 83 என்றும் எழுதியிருக்கிறாள்.

டியூட்டி நெருக்கத்தில் கலர் பெட்டியை மூடிவைத்துவிட்டேன் என்று நீ சொன்னது இந்த அப்பாவுக்குச் சரியாகப் படவில்லை, கண்ணு. படிப்பு முக்கியம்தான். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரமாவது வரை. கண்ணைப் படிக்கிறவளுக்கு வரைகிற கை வேண்டும்.

ஹேக் உனக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். அங்கே மௌரிட்ஸ்ஹவுஸ் ஓவிய அருங்காட்சியகத்தில் ரேச்சல் 1700-இல் வரைந்த பூச்சாடி இருக்கிறது. அந்தக் கட்டடத்தைக் கட்டியதில் பங்குள்ள பீட்டர் போஸ்ட், ரேச்சலின் அம்மா வழித் தாத்தா. லீவு கிடைத்ததும் போய்ப் பார். கையோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போ. ஒரு பூவையாவது வரைந்து போட்டோ அனுப்பு. அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா