மூளை ஆய்வுக்கு அரசு நிதி தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

கருவில் வளரும் சிசுக்களின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024-இல் உலகுக்கே இலவசமாக வழங்கியது சென்னை ஐஐடி. எவ்வளவு பெரிய சாதனை! ஆனால் 2020-21 கணக்கின்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிட்டது 0.64 சதவீதம்தான், தென்கொரியாவிலோ நான்கு சதவீதத்துக்கும் மேல்.

மறதிநோய்க்கும் பார்கின்சன் நோய்க்கும் இன்றுவரை முழுத் தீர்வு இல்லை. உடனடி லாபம் தராத அடிப்படை ஆய்வில் தனியார் எளிதில் பணம் போட மாட்டார்கள். அரசுதான் போட வேண்டும். குறிப்பாக, ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் கைக்கு வர வேண்டும். வீட்டு வாடகைக்கே திண்டாடுபவர்களால் ஆய்வகத்தில் எப்படி மனம் ஒன்றி உழைக்க முடியும்? வரும் பட்ஜெட்டில் நரம்பியல், மருத்துவ ஆய்வுகளுக்கான ஒதுக்கீட்டை மத்திய அரசு உயர்த்த வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்