அப்பாவின் கடைசிப் படத்துக்கு நிறை பார்த்தவருக்கு

அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இன்றைக்கு மூன்றாம் நாள். அவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கமான நன்றி நவிலலைப் போட்டிருந்தோம், எல்லோர் கையிலும் அது இருக்கும். ஆனால் அதை அச்சுக்குக் கொடுத்தபோது எனக்கே தெரியாமல் இருந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 17 நாளைப் பற்றி எழுதப்போவதில்லை. வந்து நின்றவர்களுக்குத் தெரியும், தூரத்தில் இருந்து நேரம் பார்க்காமல் ஃபோன் எடுத்தவர்களுக்கும் தெரியும். இரத்தம் கொடுத்த நான்கு பிள்ளைகள், அம்மாவைச் சாப்பிட வைக்கவென்றே மத்தியானப் பார்சலோடு வந்த மேல் வீட்டு அன்ரி, இரவு இரண்டு மணிக்கும் முகம் கோணாமல் வந்த ஓட்டோ அண்ணா, எங்களுக்காகத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் கதைத்த சிங்கள நேர்ஸ், மலர்ச்சாலையில் இருந்து கனத்தை மயானம் வரை கூடவே நடந்த அப்பாவின் பழைய மாணவர்கள், அஸ்தி கரைக்க முகத்துவாரத்துக்கு விடியற்காலையில் வந்த சொந்தங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒருவரையும் மறக்கவில்லை.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா 31 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவர், அதிலும் ஒளியியல். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பெட்டா போய்த் தூரிகையும் எண்ணெய்ச் சாயமும் வாங்கிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் சிலருக்கு அது பெரிய கவலையாகிவிட்டது. "பௌதிகம் படிச்ச மனுசன் இப்ப படம் கீறுறாராம்" என்று அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அப்பா சொன்ன பதில் ஒன்றுதான். ஓவியர்கள் தெருவோரம் படம் வைத்து விற்கிற கலாபொல சந்தை நடக்கிற அந்தத் தெரு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள் என்பார். ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் 1877 இல் பிறந்தவர், பாறைகளை ஆராயும் புவிச்சரிதவியலில் முனைவர், இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்கு முதல் பணிப்பாளர், 1904 இல் இங்கே தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டெடுத்தவர். அந்த மனிதர்தான் பிறகு வாழ்நாள் முழுக்கக் கலையைப் பற்றி எழுதினார். "அவர் கல்லை விட்டிட்டுக் கலைக்குப் போகேல்லை, கல்லைப் பார்த்த அதே கண்ணாலதான் சிற்பத்தையும் பார்த்தவர்" என்று அப்பா சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும்.

அப்பாவும் அப்படித்தான் இருந்தார். மழை விட்டவுடன் காலி வீதியில் பஸ் நிற்கும் இடத்தில் ஈரத் தாரின் மேல் எண்ணெய் பரவிக் கிடக்குமே, அதைத்தான் திரும்பத் திரும்பக் கீறினார். அதில் வானவில் வரிசை வராது பிள்ளை, எண்ணெய்ப் படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று தலையிட, படலத்தின் தடிப்பைப் பொறுத்து ஒரு நிறம் கழிந்துபோகும், மிச்சம் நிற்கிறதுதான் உன் கண்ணுக்கு வரும், அதனால்தான் மஞ்சளுக்குப் பிறகு மெஜந்தா, அதற்குப் பிறகு நீலம் என்று நடுரோட்டில் குனிந்து காட்டுவார். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். நான் கையைப் பிடித்து இழுப்பேன். அப்போது ஒரு நிமிடம் கூட நின்று பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடி அறைதான் அவர் படம் கீறிய இடம். அங்கே அவர் எல்லாப் படத்துக்கும் ஒரு வேலை செய்வார். வீட்டில் பலருக்கும் அது தெரியாது. படத்தை நிறுத்துப் பார்ப்பார். எண்ணெய்ச் சாயம் துணி மாதிரிக் காய்வதில்லை. முதலில் டேர்பன்டைன் பறந்துபோக நிறை கொஞ்சம் குறையும், பிறகு ஆளிவிதை எண்ணெய் காற்றில் இருக்கும் ஒட்சிசனை இழுத்து இழுத்து இறுகும், அப்போது நிறை கூடும். "படம் மூச்சு எடுக்குது" என்பார். அடுப்படித் தராசில் ஒரு பேணியைக் கவிழ்த்து வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் படத்தை வைப்பார். ஃபேனை நிறுத்திவிடுவார், காற்று தள்ளினால் இலக்கம் ஆடும். அதோடு விடமாட்டார். கொழும்பின் ஈரக்காற்றில் பலகையே தண்ணீர் குடித்துக் கனத்துவிடும் அல்லவா, அதனால் அதே அளவில் சாயம் பூசாத வெறும் ஹார்ட்போர்ட் பலகை ஒன்றையும் பக்கத்தில் வைத்து அதையும் நிறுப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் படத்தின் கணக்கு. அந்தக் கணக்கை வெறும் பலகையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வருவார். படம் காய்ந்து முடிந்ததும் அதைப் படத்தின் முதுகில் ஏற்றிவிடுவார்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளும் ஒரு படம் பாதி ஈரத்தோடு அந்த அறையில் இருந்தது. எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. கல்வெட்டு வேலை முடிந்து, 29 ஆம் நாள் காலையில், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடித்தான் மேலே போனேன். படம் சாய்த்து வைத்தபடி இருந்தது, தூசி படாமல் மேலே ஒரு பேப்பர் கூடாரம் மாதிரி நின்றது. பக்கத்தில் வெறும் பலகை. தூக்கித் திருப்பினேன்.

மேலே அப்பாவின் சின்னச் சரிந்த பென்சில் எழுத்து. கடைசி வரி 506, 322, முதலாவது படம், மற்றது வெறும் பலகை, இரண்டும் கிராமில். அதற்குக் கீழே நீலப் பேனா. பெரிய பெரிய இலக்கங்கள், கொப்பியில் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி. ஹார்ட்போர்டின் பின்பக்கம் வலை போலச் சொரசொரப்பாக இருக்கும், பேனா ஓடாது, அதனால் ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு மூன்று தரம் மேலே மேலே இழுத்திருந்தது. 507, 322. 507, 322. 508, 322. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் தரையில் இருந்துவிட்டேன்.

எண்ணினேன். 46 வரி. ஆஸ்பத்திரி 17 நாளும், அதற்குப் பிறகு அன்று காலை வரைக்கும். அப்பாவைக் கனத்தைக்குக் கொண்டுபோன நாளிலும் ஒரு வரி இருக்கிறது, 510, 322. மழை விடாமல் பெய்த வாரத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறியிருக்கிறது, 514, 325. வெறும் பலகையை நிறுக்காமல் விட்டிருந்தால் அது படம் ஏறியதாகப் போயிருக்கும். அவர் ஒருநாளும் விடவில்லை.

எங்கள் ஃபிளாட்டின் இரவு செக்யூரிட்டி அண்ணாதான் அது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்து கொழும்பில் வேலை செய்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இரவு முழுக்க வாசலில் முழித்திருந்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும், வீட்டுக்குப் போகாமல் படியேறி, ஃபேன் ஓஃப் செய்து, பேணியைக் கவிழ்த்து வைத்து, இரண்டையும் நிறுத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். போய்க் கேட்டேன். ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது அப்பா அவர் கையைப் பிடித்து, "தம்பி, காலமையில ஒருக்கா பார்த்து எழுதிவிடும்" என்றாராம். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கேட்கவில்லை.

"அப்பா போன பிறகும் ஏன் அண்ணா எழுதினீங்கள்?" என்றேன்.

"சேர் நிப்பாட்டச் சொல்லலைங்களே மிஸ்."

பிறகு மெதுவாகச் சொன்னார், இரவில் அப்பாவுக்குத் தூக்கம் வராவிட்டால் கீழே இறங்கி அவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கதைப்பாராம். படம் மூச்சு எடுக்கிற கதை அவருக்குத் தெரியும். ரொபேர்ட் வில்சனின் கதையும் தெரியும். லொஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் இருந்து, பிறகு அமெரிக்காவின் துணிக்கைப் பௌதிக ஆய்வுகூடமான ஃபேர்மிலாபின் முதல் இயக்குநராகி, அந்த வளாகத்தில் தன் கையாலேயே சிற்பங்களும் செய்து வைத்த பௌதிகவியலாளர். 1969 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் அவரை, அங்கே கட்டவிருந்த, அணுத்துணிக்கைகளை வேகப்படுத்தும் இந்தத் துணிக்கை ஆர்முடுக்கி நாட்டின் பாதுகாப்புக்கு எதற்காவது உதவுமா என்று கேட்டார்கள். நேரடியாக இல்லை, ஆனால் இந்த நாட்டைப் பாதுகாக்கிறதுக்கு ஒரு காரணமாக இருக்கும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அண்ணா இதை என்னிடம் திரும்பச் சொல்லிவிட்டு, "நாங்களும் காவல் வேலைதானே, அதான் சேர் சொன்னாரு" என்றார். அப்பா எனக்கு இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். காவல் வேலை செய்கிற ஒருவருக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அப்பா கடைசி வருடங்களில் அந்த அறையில் தனியாக இருந்தார் என்ற எண்ணம்தான் இந்த ஒரு மாதமாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. தனியாக இருக்கவில்லை என்று தெரிந்தது பெரிய ஆறுதல். அண்ணா, அதை நீங்கள்தான் தந்தீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, காசு நீட்டினேன், நீங்கள் கையைப் பின்னுக்கு எடுத்துவிட்டீர்கள், அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் மேலே போகிறோம். அவர் நிறுக்கிறார், நான் எழுதுகிறேன். வித்தியாசம் 184 இல் தொடங்கி 189 இல் வந்து நிற்கிறது. ஒரு மாதம் அசையாமல் நின்றால்தான் காய்ந்தது என்று அப்பா கணக்கெடுப்பார், அதுவரைக்கும் தொடர்வோம். பிறகு படத்தின் முதுகில் கணக்கை ஏற்றும்போது அந்த 46 வரியை அண்ணாதான் தன் கையால் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். இந்தப் படம் விற்பனைக்கு இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பா கொடுத்த படமோ, கலாபொலவில் அவரிடம் வாங்கிய படமோ உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தால், ஒருமுறை இறக்கித் திருப்பிப் பாருங்கள். பின்னால் பென்சிலில் இரண்டு வரிசை இலக்கம் இருக்கும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் சேர்க்கிறேன். பிரேமைக் கழற்ற முடிந்தால் அடுப்படித் தராசில் வைத்து இன்றைய நிறையையும் எழுதி அனுப்புங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு.