மேற்கே 215 மீட்டர்: வரைபடத்தோடு மல்லுக்கட்டும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நிலாவெளிக் கிணறுகள் ஒன்றைத் தவிர மற்றவை செய்மதிப் படத்தில் அந்தந்த வளவுக்குள்ளேயே விழுந்திருக்கின்றன. கிராம சேவகர் பிரிவு எல்லைகள்தான் கடற்கரையை விட்டு மேற்கே, சுமார் 215 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கின்றன. எல்லை லேயரை இழுத்துப் பொருத்தட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். நிலாவெளியில் பொருந்துகிற இழுப்பு கந்தளாயில் ஏறக்குறைய 3 மீட்டர் பிசகும், கொழும்பில் 15 மீட்டருக்கு மேல் பிசகும். அதோடு, நாளைக்கு அந்த ஃபைலை உங்களிடம் வாங்குகிறவர் டேட்டத்தை (பூமியின் வடிவம் எது, மையம் எங்கே என்று வைத்து அளந்த அடிப்படையை) சரியாகக் கொடுத்தார் என்றால் எல்லை முழுவதும் கடலுக்குள் போய் நிற்கும். யார் எப்போது இழுத்தது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

முதலில் விலகலை அளந்து பாருங்கள். எத்தனை மீட்டர், எந்தத் திசை, எல்லா இடத்திலும் ஒரே அளவா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் நோய் என்னவென்று முக்கால்வாசி தெரிந்துவிடும். கடற்கரைக் கோட்டை வைத்து அளக்க வேண்டாம், மணல் வருடா வருடம் இடம் மாறும். கிண்ணியாப் பாலத்தின் இரு தலைப்பு, திருகோணமலை ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிகிற இடம், நாற்சந்தி, மதகு என்று அசையாத புள்ளிகள் நாலைந்தைத் தெரிவு செய்யுங்கள். அவை ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் ப்ரொஜெக்ஷனிலோ (உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறையிலோ) டேட்டத்திலோ பிழை. ஆளுக்கொரு பக்கம் போயிருந்தால் தரவில்தான் பிழை, சிஆர்எஸ்ஸை (டேட்டமும் ப்ரொஜெக்ஷனும் சேர்ந்த ஆள்கூற்று முறையை) மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது எண்களின் முகம். லேயரின் பெயரை நம்பாதீர்கள், ப்ராப்பர்டீஸில் எக்ஸ்டென்ட் எண்களை, அதாவது லேயர் எங்கிருந்து எங்குவரை பரவியிருக்கிறது என்று காட்டும் எண்களைப் பாருங்கள். கோணேசர் கோயிலடியை அடையாளமாக வைத்துச் சொல்கிறேன். கிழக்கே 81.245, வடக்கே 8.58 என்று வந்தால் அது பாகை. 5,27,000 / 9,48,700 என்றால் யூடிஎம் (உலகை வலயங்களாகப் பிரித்த மீட்டர் கிரிட்) 44 வடக்கு, ஈபிஎஸ்ஜி (சிஆர்எஸ் ஒவ்வொன்றுக்கும் உள்ள பட்டியல் இலக்கம்) 32644. 2,51,900 / 3,74,900 என்றால் இலங்கையின் பழைய கந்தவல கிரிட், ஈபிஎஸ்ஜி 5234. 5,51,900 / 6,74,900 என்றால் இலங்கையின் புதிய 1999 கிரிட்டான எஸ்எல்டி 99, ஈபிஎஸ்ஜி 5235. 90,44,000 / 9,59,000 என்றால் வலைப் படங்களின் வெப் மெர்கேட்டர், ஈபிஎஸ்ஜி 3857. இந்த ஐந்தையும் ஒரு துண்டில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். திருகோணமலை மாவட்டத் தரவு எது வந்தாலும் முதல் ஒன்றிரண்டு இலக்கமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கந்தவல கிரிட்டும் எஸ்எல்டி 99உம் அண்ணன் தம்பி. இரண்டுக்கும் மூலப்புள்ளி பிதுருதலாகல மலை, இரண்டும் டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் ப்ரொஜெக்ஷன், இரண்டும் எவரெஸ்ட் 1830 எலிப்சாய்டு (பூமியின் சற்றுத் தட்டையான உருண்டை வடிவக் கணக்கு), அளவுக் காரணி 0.9999238418. பழையதில் மலையுச்சிக்கு 2,00,000 / 2,00,000 என்று பெயர், புதியதில் 5,00,000 / 5,00,000. ஆகவே ஒன்றின் எண்ணுக்கு மற்றதன் பெயரைச் சூட்டினால் கிழக்கு மேற்கில் 300 கிலோமீட்டர், வடக்குத் தெற்கில் 300 கிலோமீட்டர் பறக்கும். எஸ்எல்டி 99 எண்ணைக் கந்தவல என்று சொன்னால் திருகோணமலை வங்காள விரிகுடாவில் மிதக்கும், மறுபுறமாகச் சொன்னால் காலிக்கு மேற்கே ஆழ்கடலில். இந்தப் பிழை யாருடைய கண்ணிலும் படும், ஆதலால் அது பரவாயில்லை. (கந்தவல என்பது நீர்கொழும்புப் பக்கத்து ஊர். கிளிநொச்சிக் கண்டாவளை என்று நினைத்துவிடாதீர்கள்.)

ஆபத்தானது உங்களுக்கு வந்திருக்கிற 215 மீட்டர்தான். கிட்டத்தட்டச் சரியாக இருப்பதால் பலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். போனின் ஜிபிஎஸ் பிழை என்றும் சொல்லிவிடுவார்கள். திறந்த வெளியில் போன் ஐந்து பத்து மீட்டர் பிசகும், இருநூறு மீட்டர் ஒரே திசையில் பிசகாது.

காரணம் இதுதான். எவரெஸ்ட் எலிப்சாய்டின் மையம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இன் மையத்தில் இல்லை. கந்தவலவிலிருந்து டபிள்யூஜிஎஸ் 84க்கு வருவதற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மூன்று எண்கள் −97, 787, 86 மீட்டர். இந்த நகர்த்தலை மென்பொருள் செய்யாவிட்டால் திருகோணமலையில் எல்லாமே மேற்கே சுமார் 215, தெற்கே சுமார் 25 மீட்டர் தள்ளித் தெரியும். உங்கள் படத்தில் நான் கண்ட விலகல் அதே அளவு, அதே திசை.

ஈபிஎஸ்ஜி 5235 என்று இலக்கத்தால் தெரிவு செய்திருந்தால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இதைத் தானே செய்துகொள்ளும். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். எல்லை ஃபைலோடு வந்த, சிஆர்எஸ்ஸைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். யாரோ கையால் உருவாக்கிய கஸ்டம் சிஆர்எஸ் அதில் இருக்கலாம்: மூலப்புள்ளி, எலிப்சாய்டு, 5,00,000 எல்லாம் சரியாக இருக்கும், டேட்டத்தின் பெயர் மட்டும் அடையாளம் இல்லாத ஒன்றாக இருக்கும். அப்போது மென்பொருளுக்கு நகர்த்தத் தெரியாது, பேசாமல் விட்டுவிடும். மருந்து சுலபம். லேயரில் வலச்சொடுக்கு, லேயர் சிஆர்எஸ், செட் லேயர் சிஆர்எஸ், 5235. எல்லை அப்படியே கிழக்கே வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ் போய் ஜியோபேக்கேஜாகப் புதுப் பெயரில் சேமியுங்கள். ஷேப்ஃபைல் வேண்டாம், பிஆர்ஜே தொலைந்தால் இதே கூத்துத்தான் மறுபடியும். ஆர்க்ஜிஐஎஸ் வைத்திருப்பவர்கள் ப்ரொஜெக்ட் கருவியில் ஜியோக்ராஃபிக் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்ற கட்டத்தை வெறுமையாக விடுவதால் இதே 215 மீட்டரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எஸ்எல்டி 99க்கு மூன்று எண் அல்ல, ஏழு: −0.293, 766.95, 87.713, பிறகு சுழற்சி 0.195704, 1.695068, 3.473016 விகலை, கடைசியில் அளவு −0.039338. வேறு மென்பொருளில் இவற்றைக் கையால் இட வேண்டி வந்தால் சுழற்சியின் குறியில் கவனம். சுழற்சியின் குறியை எழுத இரண்டு வழக்கங்கள் உண்டு; இந்த எண்கள் பொசிஷன் வெக்டர் வழக்கத்துக்கு உரியவை. கோஆர்டினேட் ஃப்ரேம் வழக்கத்தைக் கேட்கும் மென்பொருளில் மூன்று சுழற்சிக்கும் குறியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் திருகோணமலையில் இன்னும் ஏறக்குறைய 200 மீட்டர் மேற்கே நிற்கும். டேட்டம் மாற்றம் வேலையே செய்யவில்லைப் போலத் தோன்றும், உண்மையில் அது தலைகீழாக வேலை செய்துகொண்டிருக்கும். பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால்தான் இதில் ஆட்கள் நாள்கணக்காகச் சுற்றுகிறார்கள்.

செட் லேயர் சிஆர்எஸ் என்பது பெயர்ப்பலகை மாற்றுவது, ரீப்ரொஜெக்ட் என்பது வீட்டையே மாற்றுவது. எண்கள் சரி, பெயர் பிழை என்றால் முதலாவது. பெயரும் சரி, ஆனால் வேறு கிரிட்டில் வேண்டும் என்றால் இரண்டாவது. படத்தை அனுப்பிய பிறகு உங்கள் கிணற்று லேயருக்கு நீங்கள் செய்தது இதைக் குழப்பிய வேலைதான். பாகையில் இருந்த தரவுக்கு 5235 என்று பெயர் சூட்டியதும் கிணறுகள் எல்லாம் மாலைதீவுக்குக் கிழக்கே கடலில் ஒரு புள்ளியாய்ச் சுருண்டுவிட்டன. 81 என்பதும் 8 என்பதும் மீட்டராகிவிட்டால் வேறென்ன நடக்கும்! பெயரைப் பாகைக்குரிய 4326க்குத் திருப்பிவிட்டு, பிறகு ரீப்ரொஜெக்ட் செய்யுங்கள். சிஎஸ்வி ஏற்றும்போது எக்ஸ் என்ற கட்டத்துக்கு நெடுங்கோடு, ஒய்க்கு அகலக்கோடு. மாறிப்போனால் நிலாவெளி வடதுருவக் கடலில், கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்ட்டுக்கும் நடுவே இருக்கும்.

பரப்பளவு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் ப்ரொஜெக்டில் முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஏற்றினால் ப்ரொஜெக்ட் 3857க்குப் போய்விடும். அதே கிரிட்டில் லேயரையும் சேமித்துவிட்டு ஃபீல்ட் கால்குலேட்டரில் area(@geometry) என்று கணித்தால் நம் அகலக்கோட்டில் வடக்குத் தெற்கு 1.8%, கிழக்கு மேற்கு 1.1% நீளும், பரப்பு ஏறத்தாழ 3% கூடும். ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச் காணியில் நாலரை பேர்ச்! ஐரோப்பாவில் இந்தப் பிழை இரண்டு மடங்கு என்று வீங்கிக் கண்ணில் குத்தும், நமக்கு நிலநடுக்கோடு கிட்ட என்பதால் நைசாகப் போய்விடும். காணிச் சண்டைக்கு நாலரை பேர்ச் தாராளம். 5235இல் வைத்துக் கணியுங்கள், அல்லது $area பயன்படுத்துங்கள். அது ப்ரொஜெக்ட் ப்ராப்பர்டீஸில் உள்ள எலிப்சாய்டைப் பார்க்கும், அங்கே "நன்" (None, எதுவுமில்லை) என்று இருந்தால் அதுவும் ஏமாற்றும். பேர்ச்சாக்க, சதுர மீட்டரை 25.29ஆல் வகுங்கள்.

ஸ்கேன் செய்த 1:50,000 தாளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்கேன் படத்தை நிலத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்ஸர் கருவியில் தாளின் கிலோமீட்டர் கிரிட் வெட்டுப்புள்ளிகளை 5234 எண்களாகக் கொடுங்கள், நாலு மூலையும் நடுவில் இரண்டு மூன்றும். பொருத்தும் முறைக்குப் பொலினோமியல் 1 போதும். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற மற்ற முறை எச்சப்பிழையைப் பூச்சியம் என்று காட்டும், தவறாகக் குத்திய புள்ளியையும் அது விழுங்கிவிடும். தாளில் அரை மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் 25 மீட்டர், ஆகவே அதிலிருந்து குளம், வீதி எடுக்கலாம், வேலி எடுக்க முடியாது.

இனி மிச்சம் ஒன்றுதான். உங்கள் பட்டியலில் ஒரு கிணறு மட்டும் தம்பலகாமத்துக்கும் தெற்கே கிடக்கிறது. அதற்கும் சிஆர்எஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. அந்த வரியில் 8.415, 81.115 என்று இருக்கிறது. போனில் 8°41.5′, 81°11.5′ என்று காட்டியதைப் பாகைக் குறியை விட்டுவிட்டு அப்படியே தட்டியிருக்கிறார்கள். கலையை 60ஆல் வகுத்துக் கூட்டினால் 8.6917, 81.1917. அந்த ஒரு வரியை மாற்றுங்கள், கிணறு நிலாவெளிக்கு வந்துவிடும்.

அன்புடன்,
அண்ணா