செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், காலிபர், டியூனிங்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. உறுப்பினர் பட்டியல் கொஞ்சம் நீண்டிருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் சுடும் விளையாட்டில் சேர்ந்ததால் தாங்களும் ஆர்வம் கொண்டு வந்த பெற்றோர் சிலர் இந்த முறை சேர்ந்திருக்கிறார்கள், அவர்களை வரவேற்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சமூக மன்றத்தில் மாதந்தோறும் அறை கிடைக்க உதவியவர்களுக்கு நன்றி. தீபாவளி மாதம் மட்டும் அறை கிடைக்காமல் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் கூட்டம் நடந்தது. அதுவும் நன்றாகவே நடந்தது.

அடுத்தது ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியது. சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி துப்பாக்கிதான். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டமும் இதை விளையாட்டுப் பொம்மையாகப் பார்க்கவில்லை. உரிமம் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது. நம் உறுப்பினர்களின் ரைஃபிள்கள் அவரவர் சேர்ந்திருக்கும் கிளப்பின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கின்றன. சுடுவது அங்கே, திரும்ப வைப்பதும் அங்கே. திறந்து பழுதுபார்ப்பது உரிமம் பெற்ற பழுதுநீக்குநரின் வேலை. நம் கூட்டங்களுக்குத் துப்பாக்கியோ அதன் பாகமோ பெல்லட் என்னும் சிறு குண்டுகளின் டப்பாவோ கொண்டுவரக் கூடாது என்ற சங்க விதியில் மாற்றம் இல்லை. இந்தியாவுக்குப் போய்வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட்டானாலும் சரி, முன் அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது.

இனி இந்த ஆண்டு நாம் அதிக நேரம் செலவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், 4.5 மி.மீ.-ஆ, 5.5 மி.மீ.-ஆ என்ற வாதம் நம் சங்கத்தில் ஓயவே ஓயாது. இந்தியாவில் வளர்ந்த உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பற்று உண்டு. மெரினாவில் பலூன் சுடும் கடையில் கை பழகியவர்கள் அவர்கள். உரிமம் இல்லாமல் 4.5 மி.மீ. ஏர்கன் வாங்கி மாடியில் டப்பா சுட்டவர்களும் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களோ முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டதே கிளப்பில்தான். இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் இந்த முறை ஒரு கூட்டம் முழுவதையும் காலிபருக்கே ஒதுக்கினோம். .177 என்பது 4.5 மி.மீ., .22 என்பது 5.5 மி.மீ. இடையில் 5 மி.மீ. அளவில் .20 இருக்கிறது, மேலே 6.35 மி.மீ. அளவில் .25 இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் .177, .22, .25 மூன்றையும் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் எண் குழல் என்று குறிப்பிடுவார்கள்.

"5.5 என்றால் பவர் அதிகம்" என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் நெருக்கும் காற்று பெல்லட்டைத் தள்ளும். அதனால் ஆற்றல் வருவது ஸ்பிரிங்கிலிருந்தும் பிஸ்டன் ஓடும் அறையின் அளவிலிருந்தும்தான். குழல் அந்த ஆற்றலை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில் மட்டும்தான் காலிபருக்கு வேலை. ஒரே இயந்திரத்தில் 5.5 குழல் பொருத்தினால் பெரும்பாலும் ஆற்றல் கொஞ்சம் கூடுதலாக வருவது உண்மை. காற்று தள்ளுவதற்குப் பெல்லட்டின் பின்பக்கம் அகலமாகக் கிடைக்கிறது. ஆனால் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எல்லாம் கிடையாது.

இதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டோம். இங்கிலாந்தில் உரிமம் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16.3 ஜூல். இரண்டு காலிபருக்கும் அதே ஆற்றலைக் கொடுத்துப் பார்ப்போம். 0.547 கிராம் எடையுள்ள 4.5 பெல்லட் வினாடிக்கு 244 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 1.03 கிராம் எடையுள்ள 5.5 பெல்லட் 178 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10 மீட்டர் போவதற்குள் முதலாவது ஈர்ப்பால் சுமார் 8 மில்லிமீட்டர் கீழே இறங்கும், இரண்டாவது சுமார் 15 மில்லிமீட்டர். இந்தத் தூரத்தில் காற்றின் தடை சிறியது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தூரம் 10 மீட்டர் என்று உறுதியாக இருக்கும்போது குறிகாட்டியை ஒரு தடவை சரிசெய்துவிட்டால் இந்த 7 மில்லிமீட்டர் பெரிதில்லை. தூரம் மாறிக்கொண்டே இருக்கும் ஃபீல்டு டார்கெட் போன்ற போட்டிகளில்தான் தட்டையாகப் பறக்கும் 4.5-இன் அருமை தெரியும். பிரிட்டனில் தொடங்கிய அந்தப் போட்டியில் பெரும்பாலானோர் .177 எடுப்பது இதனால்தான்.

அப்புறம் நமக்கு எது சரி? என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் சுடுவது 10 மீட்டரில், காகித இலக்கில். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு 4.5 மட்டுமே அனுமதி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி சேர்ந்ததிலிருந்து இன்று வரை அதுதான். இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 0.5 மி.மீ. விட்டம்தான், அதில் போய்ப் படும் பெல்லட்டோ அதைப்போல ஒன்பது மடங்கு அகலம். இங்கே புதிதாக வருகிறவர் 5.5 பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. 5.5, 6.35 எல்லாம் வயல்வெளியில் எலி, முயல் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் பேச வேண்டிய பேச்சு. ஆர்வத்துக்குப் படிக்கலாம், நானும் படிக்கிறேன். ஆனால் நம் ஒரு மணி நேரப் பயிற்சியில் பாதியை அந்த வாதத்துக்குக் கொடுப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

ஏனென்றால் பேச வேண்டியது டியூனிங் பற்றி, அதாவது உதைப்பும் அதிர்வும் குறைய உள்பாகங்களைச் சீராக்குவது பற்றி. ஸ்பிரிங் ரைஃபிளில் விசையை இழுத்த பிறகு பெல்லட் குழலை விட்டு வெளியேற வினாடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதனால் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது துப்பாக்கி முன்னால் இழுபடுகிறது. பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. சாதாரண துப்பாக்கிக்கு மட்டும் செய்யப்பட்ட தொலைநோக்கிகள் ஸ்பிரிங் ரைஃபிளில் உடைந்துபோவது இந்த முன்னிழுப்பால்தான்.

கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் அண்ணன் ஒருவர், இதை எல்லாரும் கண்ணால் பார்க்கும்படி செய்துகாட்டினார். சைக்கிள் பம்பின் தண்டையும் வாஷரையும் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் பொருத்திக்கொண்டு வந்திருந்தார். முனையைக் கட்டைவிரலால் மூடிவிட்டுத் தண்டை வேகமாகத் தள்ளினால் வாஷர் பாதியிலேயே நின்று திரும்பித் துள்ளுகிறது. விரலை எடுத்துவிட்டுத் தள்ளினால் 'டக்' என்று அடியில் போய் மோதுகிறது. பெல்லட் போடாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சுடக் கூடாது என்று பயிற்சியாளர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது அந்தச் சத்தத்தில் எல்லாருக்கும் புரிந்தது. காற்றுத் தலையணை இல்லாவிட்டால் பிஸ்டன் உலோகத்தில் நேராக மோதும், காற்று கசியாமல் தடுக்கும் அதன் சீல் கெடும், ஸ்பிரிங்கும் உடையும். பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தள்ளிப் பார்த்தார்கள். குழாயின் முனை சூடாகியிருப்பதையும் அவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். காற்றை அவ்வளவு வேகமாக நெருக்கும்போது அது சூடாவதைப் புத்தகத்தில் படிப்பதைவிட விரலால் தொட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் சூட்டில்தான் அறைக்குள் தவறிப் போன எண்ணெய் பற்றிக்கொண்டு புகையும் வெடிச்சத்தமும் வருகிறது. டீசலிங் என்பது அதுதான்.

அந்த அண்ணன் சொன்ன மற்றவற்றையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். "டொய்ங்" என்ற அதிர்வு வந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் வழிகாட்டித் தண்டுக்கும் இடையில் இடைவெளி அதிகம் என்று பொருள். ஸ்பிரிங்கின் உள்விட்டத்துக்கு இறுக்கமாகக் கடைந்த தண்டைப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். ஸ்பிரிங்கின் முனைகளைத் தேய்த்து மெருகேற்றுவது, பாகங்களின் ஓரப் பிசிறுகளை நீக்குவது, உரசும் இடங்களில் மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவுவது எல்லாம் அடுத்தபடி. கெட்டியான அதிர்வு அடக்கும் கிரீஸை அள்ளிப் பூசினால் சத்தம் அடங்கும், ஆனால் வேகமும் குறையும். அந்தக் கிரீஸ் எவ்வளவு போடலாம் என்பது நம் வெப்பத்தில் ஒரு மாதிரி, ஐரோப்பியக் குளிரில் வேறு மாதிரி. பழைய தோல் சீலுக்கு எண்ணெய் வேண்டும், செயற்கை சீலுக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

வலுவான ஸ்பிரிங் போட்டால் நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகம் சிறிது கூடும், உதைப்பு நிறையவே கூடும். பிஸ்டன் திரும்பித் துள்ளுவதும் மோதுவதும் மோசமாகும். ஒலிம்பிக் அளவிலான பழைய ஸ்பிரிங் ரைஃபிள்கள் எதுவும் வேகத்தைத் தேடியதில்லை. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்-இல் சுடும்போது இயந்திரப் பகுதி முழுவதும், கையிலும் தோளிலும் தாங்கும் கட்டையின் மேல் தண்டவாளத்தில் பின்னால் நழுவும், தோளுக்கு உதைப்பு வராது. டயானா 75-இல் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன் உதைப்பை மற்றொன்று அழித்துவிடும். ஆற்றல் குறைவு, அமைதி அதிகம் என்பதுதான் அந்தத் தயாரிப்பாளர்களின் வழி. இன்று உயர்மட்டப் போட்டிகளில் அழுத்தக் காற்றுக் குப்பி உள்ள ரைஃபிள்களே ஆட்சி செய்கின்றன. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் நம் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றது நம் பிள்ளைகளில் பலரை இந்த விளையாட்டுக்கு இழுத்துவந்திருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் பழகியவர்கள் அந்த வகைக்கு மாறும்போது பிடியும் நிதானமும் கூடவே வருகின்றன. என்னுடைய உறுதியான நம்பிக்கை அது.

ஆண்டின் நடுவில் வந்த ஒரு சம்பவத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஓர் உறுப்பினரின் வைராக் நிறுவன ரைஃபிள், குழலை மடித்து ஏற்றும் வகை, திடீரென்று சிதறிச் சுட ஆரம்பித்தது. ஸ்பிரிங் போய்விட்டது என்றார் ஒருவர், சீல் என்றார் இன்னொருவர். குழலை மாற்ற வேண்டும் என்றுகூட யோசனை வந்தது. கிளப்பின் பழுதுநீக்குநர் கையில் எடுத்ததும் முதலில் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைத்தான் தொட்டுப் பார்த்தார். முன்பக்கத் திருகுகள் இரண்டும் தளர்ந்திருந்தன. இறுக்கிய பிறகு ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டைக் குழல் மடியும் இடத்தின் மேல் வைத்து ஒரு தடவை சுட்டார். காகிதம் அசையவில்லை, அங்கே காற்று கசியவில்லை என்று தெரிந்தது. வேலை அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான வெள்ளி செலவாகும் என்று பயந்திருந்த உறுப்பினர் அன்றே பயிற்சியை முடித்துவிட்டுப் போனார்.

பெல்லட் தேர்வு பற்றியும் ஒரு கூட்டம் நடந்தது. 4.5 என்று டப்பாவில் இருந்தாலும் தலை விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 என்று வெவ்வேறாக விற்கிறார்கள். எது ஒரு குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து லேனில் இருப்பவர் சொன்னதை வாங்கிவிட்டு ரைஃபிளைக் குறை சொல்லாதீர்கள். பிடிப்பு பற்றிய பயிற்சியை இளையவர்களுக்கு மட்டும் நடத்தினோம், அது போதவில்லை. முன்கையை இறுக்காமல், கட்டை உள்ளங்கையில் சும்மா கிடக்கும்படி விட வேண்டும் என்பது பெரியவர்களுக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. முதலாவது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் ரைஃபிளுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது. பழுதுநீக்குநரிடம் கொடுக்கும் முன்பும் வாங்கிய பின்பும் பெல்லட்டின் வேகத்தை அளந்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியோடு அதில் எழுத வேண்டும். திருகு இறுக்கிய தேதி, எந்தப் பெல்லட், என்ன சத்தம் என்பதையும் எழுதலாம். "ஏதோ சரியில்லை" என்று சொல்லி ரைஃபிளை நீட்டுவதைவிட, "வேகம் சீராக இருக்கிறது, அதிர்வு மட்டும் கூடியிருக்கிறது" என்று சொன்னால் பழுதுநீக்குநரின் நேரமும் நம் பணமும் மிச்சம். இரண்டாவது, கிளப்பின் அனுமதியோடு சங்கத்தின் செலவில் ஒரு வேகமானி வாங்கிச் சுடுதளத்திலேயே வைப்பது. இதற்கான தொகையைப் பொருளாளர் தம் அறிக்கையில் சேர்த்திருக்கிறார்.

இரண்டையும் உறுப்பினர்கள் முன்மொழிந்து, வழிமொழிந்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பேட்டின் மாதிரிப் பக்கம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்