ஆசிரியர் சங்க ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களில் வகுப்பறைக்கான புதுக் கணினிக் கருவிகளை இயக்கிக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து பாடம் திட்டமிடுவோம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். சிலருக்கு அதில் மனக்குறை இருந்தது. ஆனால் 2015இல் ஓஇசிடி என்னும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட அறிக்கையை நாம் மறக்க முடியாது. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும் பணம் செலவிட்ட நாடுகளில்கூட, பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வின் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை என்றது அது. கருவியை வாங்குவது சுலபம். எந்தப் பாடத்தில், எந்தக் குழப்பத்தைத் தீர்க்க அதை எடுக்கிறோம் என்று தெரிந்திருப்பதுதான் நம் தொழில்.

அதற்கு ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறையைப் பின்பற்றினோம். சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து மாணவர்களைக் கவனிப்பார்கள். அப்புறம் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். பார்வையாளரின் கண் ஆசிரியர் மேல் இல்லாமல் மாணவர் மேல் இருப்பதால் கூச்சமும் பயமும் சீக்கிரமே விலகிவிடுகின்றன.

மின்சுற்றுப் பாடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, அதைத் தாண்டிப் போவது குறைவு என்று நினைக்கும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் இலவச உருவகப்படுத்தலை, அதாவது மின்சுற்றைத் திரையில் இயக்கிக் காட்டும் மென்பொருளை, இதற்கு எடுத்துக்கொண்டோம். முதலில் அதைத் திரையில் ஓடவிட்டு விளக்குவதாகத்தான் திட்டம். மாணவர்கள் ரசித்தார்கள், எண்ணம் மட்டும் மாறவில்லை. கூடிப் பேசியபின் வரிசையை மாற்றினோம். பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் முதலில் எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட வேண்டும், அதன்பிறகே திரை. இரு பக்கமும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதைக் கண்டதும் வகுப்பே பேச ஆரம்பித்தது. அதே மென்பொருள்தான், மாறியது ஆசிரியரின் கேள்வி.

சக மாணவரோடு வாதிடும் இந்த வழக்கம் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்த முறையை ஒட்டியது. விடையைத் தெரிவிக்க மின்னணுக் கருவி இருந்தால் நல்லது. வண்ண அட்டையும் போதும். வசதி குறைந்த பள்ளி உறுப்பினர்கள் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கணினியில் நடத்திய சிறு வினாடி வினாக்களிலும் நல்ல பலன் கண்டோம். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிலைக்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். திருத்தும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்வதால், யார் எங்கே தடுமாறுகிறார் என்பது மறுநாள் பாடத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மதிப்பெண் பதிவேட்டில் இவற்றைச் சேர்க்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. தப்பாகச் சொல்ல மாணவர் பயந்தால் பயனே போய்விடும்.

கணக்கு வழக்குகளைப் பொருளாளர் தனியே வைப்பார். வகுப்பைத் திறந்துவைத்து எங்களை உள்ளே உட்காரவிட்ட ஆசிரியர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் பின்னங்களையும் வாசித்துப் புரிந்துகொள்வதையும் எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பாட ஆய்வு நாளில் பங்கேற்பவருக்கு மாற்று ஆசிரியர் கிடைக்கப் பள்ளி நிர்வாகங்களிடம் பேச வேண்டும். அதற்கான தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்