ஷாக் சிகிச்சை: மறதியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

மூளையில் மின்சாரம் செலுத்தி சிறு வலிப்பை வரவழைத்து, மனச்சோர்வுக்குத் தரும் மின்னதிர்வு (ஷாக்) சிகிச்சையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மனநல மருத்துவர் மேக்ஸ் ஃபிங்க் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இத்தாலிய மருத்துவர்கள் தொடங்கிய இந்த முறை, சினிமாக்களால் கெட்ட பெயர் வாங்கிக் கிடந்த காலத்தில், அதற்கென்றே 1985-இல் தனி ஆய்விதழ் தொடங்கியவர் அவர். சரி, பலனை விரிவாகச் சொன்ன கட்டுரை, சிகிச்சையால் வரும் மறதியை ஒரே வரியில் கடந்துவிட்டதே!

என் அக்காவுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்திருந்ததால், கால் விரல்கள் மட்டும் லேசாகத் துடித்தன, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது என்றார் செவிலியர். மாதக்கணக்கில் சீப்பையே தொடாதவர், நான்காவது முறைக்கு அப்புறம் தானாக எழுந்து தலை வாரிக்கொண்டார். ஆனால் அதற்கு முந்தைய மாதம் வீடு மாறியது அவருக்கு நினைவில்லை. சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டார். இப்படி ஆகலாம் என்று எங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. சிகிச்சை பெற்றவர்களிடமே கேட்டு, எது மறந்தது, எது எத்தனை நாளில் திரும்பியது என்று ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகும் குடும்பங்களுக்கு அது உதவும்.

- ஒரு வாசகர்